கலங்கல் நீரும் ஆவுளியாவும்

புதுக்கோட்டை என்றதும் சித்தன்னவாசலும் நார்த்தாமலையும் திருமயம் கோட்டையும் நினைவுக்கு வரும், கடல் வருவதில்லை. ஆனால் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் கட்டுமாவடி தொடங்கி மணமேல்குடி, அம்மாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல், முத்துக்குடா என்று ஏறத்தாழ 40 கிலோமீட்டருக்குப் பாக் விரிகுடா கிடக்கிறது. பெரிய அலை இல்லாத கடல். கரையிலிருந்து வெகுதூரம் போனாலும் பத்துப் பதினைந்து மீட்டருக்கு மேல் ஆழம் இராது. அந்த ஆழமின்மையால் வெயில் தரைவரை இறங்குகிறது, தரையில் புல் முளைக்கிறது, அந்தப் புல்லை மேய்வதற்கென்று ஒரு விலங்கு இருக்கிறது. மீனவர்கள் அதை ஆவுளியா என்பார்கள். வனத்துறை ஏடுகளில் கடற்பசு.

2022 செப்டம்பர் 21 அன்று தமிழ்நாடு அரசு நாட்டின் முதல் கடற்பசு பாதுகாப்பகத்தை அறிவித்தது. தஞ்சாவூர் மாவட்டத்து அதிராம்பட்டினத்திலிருந்து புதுக்கோட்டை மாவட்டத்து அம்மாப்பட்டினம் வரை 448 சதுர கிலோமீட்டர் கடல் அதில் அடங்கும். அதற்குள் 12,250 ஹெக்டேர் கடற்புல் இருப்பதாக அரசு சொன்னது. இந்தியக் கடல்களில் எஞ்சியிருக்கும் கடற்பசுக்கள் ஏறத்தாழ 240, அவற்றில் பெரும்பகுதி இந்த விரிகுடாவில் என்பதும் அரசின் கணக்குதான். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எல்லை அம்மாப்பட்டினத்தோடு நிற்கிறது. மாவட்டத்தின் விசைப்படகுத் தளங்களான கோட்டைப்பட்டினமும் ஜெகதாப்பட்டினமும் அதற்குத் தெற்கே, கோட்டுக்கு வெளியே இருக்கின்றன. கலங்கிய தண்ணீருக்கு அரசாணையின் கோடு தெரியாது.

கரையிலிருந்து கடலுக்குப் போகும் அழுக்கு அங்கே வாழும் பாலூட்டியின் உடம்பை என்ன செய்கிறது? இந்தக் கேள்விக்கு உலகில் மிக விரிவான பதில் கிடைத்திருப்பது கலிஃபோர்னியாவின் கடல் நீர்நாயிடமிருந்து. நமக்கு நீர்நாய் புதிதல்ல. காவிரியிலும் மோயாற்றிலும் உண்டு. சங்கப் பாடல்களில் வாளைமீனைத் தின்றுகொண்டு வரும். அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ளது வேறு இனம். வாழ்நாளில் பெரும்பகுதியைக் கடலிலேயே கழிப்பது. தோலுக்காக வேட்டையாடப்பட்டு முற்றும் அழிந்ததாகக் கருதப்பட்டு, 1938இல் பிக் சர் என்ற கடற்கரையில் ஒரு சிறு கூட்டம் கண்ணில் பட்டது. அந்தக் கூட்டத்தின் வாரிசுகள் இன்று சுமார் மூவாயிரம். பாதுகாப்பு கொடுத்தும் எண்ணிக்கை எதிர்பார்த்த வேகத்தில் ஏறவில்லை. ஏன் என்று தேடியவர்கள் செத்து ஒதுங்கிய உடல்களை அறுத்துப் பார்க்கத் தொடங்கினார்கள்.

அதில் கிடைத்தவை எதிர்பாராதவை. பூனையின் குடலில் மட்டுமே இனப்பெருக்கம் முடிக்கும் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி நீர்நாய்களின் மூளையில் இருந்தது. பூனையின் மலத்தில் வெளிவரும் அதன் முட்டைகள் மழைநீரோடு ஓடைக்கும் ஓடையிலிருந்து கடலுக்கும் போய், நத்தை, சிப்பி வழியாக நீர்நாயின் வயிற்றை அடைகின்றன. மெலிசா மில்லரும் உடன் பணியாற்றியவர்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வின்படி, நன்னீர் அதிகமாக வந்து கலக்கும் இடங்களில் வாழும் நீர்நாய்களுக்கு இந்தத் தொற்று இருக்க ஏறத்தாழ மூன்று மடங்கு வாய்ப்பு. அதே குழு 2010இல் இன்னொன்றைச் சொன்னது: மான்டரே விரிகுடாப் பகுதியில் 21 நீர்நாய்கள் ஈரல் கெட்டுச் செத்ததற்குக் காரணம், உர நீர் சேர்ந்து பச்சையாகிப்போன உள்நாட்டு ஏரிகளில் வளரும் நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு. ஏரி நஞ்சு கடல் விலங்கைக் கொல்லும் என்று அதுவரை யாரும் நினைத்திருக்கவில்லை.

இந்த முடிவுகளைவிட அவற்றை எட்டிய வழிதான் நமக்கு முக்கியம். 1998 முதல் 2012 வரை ஒதுங்கிய 560 நீர்நாய் உடல்களை ஒரே முறையில் உடற்கூறாய்வு செய்து, ஒவ்வொன்றுக்கும் முதன்மைக் காரணம் எது, துணைக் காரணம் எது என்று பிரித்து எழுதி, 2020இல் தொகுத்து வெளியிட்டார்கள். சுறா கடித்துச் செத்தது என்று கண்ணுக்குத் தெரிந்த உடலில்கூட, அதற்கு முன்பே நோய் இருந்ததா என்று பார்த்தார்கள். வீட்டுப் பூனை மலம் கழிப்பதற்கென விற்கும் மணல் பொட்டலங்களின் மேல் அதைக் கழிப்பறையில் கொட்டாதீர்கள் என்று அச்சிட வேண்டும் என 2006இல் அந்த மாநிலம் சட்டம் போட்டது. வீட்டுப் பூனையிலிருந்து கடல் விலங்குவரை சங்கிலியைக் கண்ணி கண்ணியாகக் காட்ட முடிந்ததால் வந்த சட்டம் அது.

இனி நம் விலங்குக்கு வருவோம். நீர்நாய் தன் எடையில் கால்பங்கு அளவுக்குத் தினமும் இறைச்சி தின்னும். சிப்பி, நண்டு, நத்தை எல்லாம் நீரிலிருக்கும் அழுக்கைத் தமக்குள் சேர்த்து வைப்பவை. ஆகவே மாசு வாய் வழியாக நேரே ரத்தத்துக்குப் போகிறது. ஆவுளியா புல் தின்பது. 3 மீட்டர் வரை நீளமும் 400 கிலோ வரை எடையும் கொண்டு, நாளொன்றுக்கு 30, 40 கிலோ கடற்புல்லை வேரோடு பிடுங்கி மேயும். யானைக்குத் தூரத்து உறவு. எழுபது ஆண்டுவரை வாழும். உணவுச் சங்கிலியில் கீழ்ப்படியில் இருப்பதால் பாதரசம் போன்றவை மீன் தின்னும் விலங்குகளில் சேரும் அளவுக்கு இதனிடம் சேராது. அப்படியானால் மாசு இதைத் தொடாதா? தொடும், வேறு வாசல் வழியாக. இதற்கு மாசு முதலில் நஞ்சாக வருவதில்லை, இருட்டாக வருகிறது.

கடற்புல் பாசியில்லை. வேரும் தண்டும் பூவும் கொண்ட செடி, வெயில் வேண்டும். கடலின் மேற்பரப்பில் விழும் ஒளியில் சராசரியாகப் பத்தில் ஒரு பங்காவது தரைக்கு எட்டினால்தான் அது பிழைக்கும். கழிவுநீரோ உர நீரோ சேர்ந்தால் நீரில் மிதக்கும் நுண்பாசி பெருகும், இலையின் மேல் ஒட்டுப்பாசி படரும், ஒளி குறையும். சேறு கரைந்து வந்தாலும் அதேதான். ஆவுளியா மிகவும் விரும்புவது நார் குறைந்த, மென்மையான சிறு புற்களை. அவற்றில் ஒன்றான ஹாலோஃபிலா ஓவாலிஸ் பாக் விரிகுடாவிலும் உண்டு. அதை முழு இருளில் வைத்து ஆஸ்திரேலியாவில் செய்த சோதனையில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் மடிந்துபோனது. வேர்க்கிழங்கில் சேமிப்பு அதிகம் இல்லாத செடி. ஒளி திரும்பினால் சீக்கிரம் முளைத்தும் விடும் என்பது அதன் நல்ல குணம். ஆனால் அதுவரை மேய்கிற உயிர் எதைத் தின்னும்?

இதற்கு விடை குயின்ஸ்லாந்தின் ஹெர்வி விரிகுடாவில் 1992இல் கிடைத்தது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் இரண்டு பெருவெள்ளங்களும் ஒரு புயலும் அடுத்தடுத்து வந்தன. ஆற்று வண்டல் கடலை மூடியது. சுமார் 1,000 சதுர கிலோமீட்டர் கடற்புல் அழிந்தது. வெள்ளம் வந்தபோது கடற்பசுக்கள் சாகவில்லை. பல மாதங்கள் கழித்துத்தான் கரை ஒதுங்கத் தொடங்கின. 99 உடல்கள் எண்ணப்பட்டன, பெரும்பாலானவை பட்டினியில் மெலிந்தவை. பிழைத்தவற்றில் பல புல் தேடி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அலைந்தன. அடுத்த ஆண்டு வானிலிருந்து எண்ணியபோது கன்றுகள் அரிதாகவே தென்பட்டன. காரணத்துக்கும் சாவுக்கும் இடையே அத்தனை மாத இடைவெளி இருந்தால், யாரும் இரண்டையும் முடிச்சுப் போட மாட்டார்கள். தேடிப்போய் எண்ணியதால்தான் தெரிந்தது.

ஃபுளோரிடாவில் நடந்தது இன்னும் நேரடியானது. அங்கே வெள்ளம் கூட இல்லை. இந்தியன் ரிவர் என்ற உப்பங்கழியில் பல பத்தாண்டுகளாக மலக்குழி நீரும் தோட்ட உரமும் கசிந்து, பாசி பெருக்கெடுத்துக் கடற்புல்லை மூடியது. 2021ஆம் ஆண்டில் மட்டும் அந்த மாநிலத்தில் 1,100 கடற்பசுக்கள் செத்தன. இவை ஆவுளியா அல்ல, அதன் நெருங்கிய உறவினம். அந்தக் குளிர்காலத்தில் அரசு அதிகாரிகள் லெட்யூஸ் கீரையை டன் கணக்கில் நீரில் கொட்டினார்கள். வளமான ஒரு மாநிலம் கடல் விலங்குக்குக் கடையில் கீரை வாங்கிப் போட்ட காட்சியைவிடப் பெரிய எச்சரிக்கை எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கண்ணாடியோடு மணமேல்குடிக் கரைக்கு வரலாம்.

இந்தக் கரையில் ஆலைகள் இல்லை. தூத்துக்குடியோ எண்ணூரோ அல்ல. அதனாலேயே மாசு என்ற பேச்சு இங்கே எழுவதில்லை. ஆனால் தெற்கு வெள்ளாறு வறண்ட மாவட்டத்தைக் கடந்து இந்த விரிகுடாவில்தான் கலக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறு ஐப்பசி மழையில் ஓடத் தொடங்கும்போது, அதுவரை ஊர்களிலும் வயல்களிலும் சேர்ந்த அத்தனையும் முதல் வெள்ளத்தில் இறங்கும். கலிஃபோர்னியாவிலும் இதே ஒழுங்கு: நீண்ட கோடை, பிறகு முதல் மழை, அதனோடு கழிவு. இங்கே நடுவில் கண்மாய்கள் இருந்தன, இன்னும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஒரு கண்மாயிலிருந்து அடுத்ததற்கு மாறுகால் பாயும்போது வண்டல் ஒவ்வொன்றிலும் தங்கிவிடும். கண்மாயைத் தூர்வாருவது விவசாயிக்கு என்றுதான் பேசுகிறோம். தூர்ந்த கண்மாயால் தங்கவைக்க முடியாத சேறு கடலில் புல்லின் மேல் இறங்குகிறது என்பதால், அது ஆவுளியாவுக்குமான வேலை.

அடுத்தது இறால். 1990களின் தொடக்கத்தில் தமிழகக் கடலோரத்தில் இறால் பண்ணைகள் பெருகின. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் தீவிர இறால் வளர்ப்பு கூடாது, இருப்பவற்றை அகற்ற வேண்டும், மாசுபடுத்தியவர் ஈடு தர வேண்டும். நிலமும் குடிநீரும் உப்பானதே அந்த வழக்கின் உயிர். கடலின் மேய்ச்சல் நிலம் பற்றி அன்று யாரும் பெரிதாகப் பேசவில்லை. 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து, பண்ணைகளுக்குப் பதிவுமுறை கொண்டுவந்தது. வெள்ளைப்புள்ளி நோயால் நொடித்த தொழில், 2009இல் வனாமி என்ற இறால் வகைக்கு அனுமதி கிடைத்தபின் மீண்டும் எழுந்தது. அறுவடையின்போது குளத்தை வடிக்கிறார்கள். தின்றது போக மிஞ்சிய தீவனம், இறாலின் கழிவு, அடிச்சேறு எல்லாம் அந்தக் கடைசி நீரில்தான் அதிகம். பெரிய பண்ணைக்குச் சுத்திகரிப்புக் குட்டை கட்டாயம். சிறு பண்ணைக்கு அப்படித் தனியாக இல்லை. சிறியவை பல சேர்ந்து ஒரே வாய்க்காலில் ஒரே வாரத்தில் வடித்தால் அது சிறிதாக இராது. ஒவ்வொரு பண்ணையாரும் சட்டப்படியே நடந்திருப்பார். ஓடை மட்டும் கறுத்திருக்கும்.

கடலோர ஊர்கள் எல்லாம் ஊராட்சிகள்; பாதாளச் சாக்கடை இல்லாதவை. படகுத்துறையில் டீசலும் எஞ்சின் எண்ணெயும் கசியும். அறுந்த நைலான் வலை கடலிலேயே கிடக்கும். இவை பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, எவரும் போய்ப் பார்க்கலாம்.

இழுவை மடி பற்றிச் சொல்லியாக வேண்டும். 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி விசைப்படகு கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் இழுக்கக் கூடாது. பாக் விரிகுடாவில் விசைப்படகுக்கு மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று முறை வேறு உண்டு. இழுவை மடி புல்லைப் பிடுங்குகிறது என்பது எல்லோரும் சொல்வது. அது தரைச் சேற்றைக் கிளப்பிவிட்டு, இழுக்காத இடத்தின் ஒளியையும் மறைக்கிறது என்பதைச் சொல்வோர் குறைவு. ஆழம் குறைந்த கடலில் கிளம்பிய மண் சீக்கிரம் அடங்காது. காற்றடித்தால் மறுபடியும் எழும். ஆயினும் பழி முழுவதையும் படகுக்காரர் தலையில் கட்டுவது எளிது என்பதால் அப்படிக் கட்டிவிடுகிறோம் என்றே எனக்குத் தோன்றுகிறது. படகுக்கு எண் இருக்கிறது, உரிமையாளர் இருக்கிறார், தடைக்காலம் இருக்கிறது. மேட்டிலிருந்து வரும் நீருக்கு உரிமையாளர் யார்?

நஞ்சைப் பற்றியும் கேட்க வேண்டும். ஆவுளியா வேரோடு மேய்வதால் சேற்றையும் விழுங்குகிறது. சேற்றில் இருக்கும் உலோகம் உடம்புக்குள் போகும். நீண்ட ஆயுள் என்றால் நீண்ட சேமிப்பு. ஆஸ்திரேலியாவின் டோரஸ் நீரிணைக் கடற்பசுக்களின் ஈரலிலும் சிறுநீரகத்திலும் காட்மியம் கூடுதலாக இருப்பது தெரிந்தபின், அவற்றை உண்ணும் தீவுவாசிகளுக்கு அது உடல்நலக் கேள்வியாகவே ஆனது. குயின்ஸ்லாந்துக் கடற்பசுக்களின் கொழுப்பில் டையாக்சின் வகைச் சேர்மங்கள் கண்டறியப்பட்டன. கரும்புத் தோட்டங்களில் அடிக்கும் டையூரான் என்ற களைக்கொல்லி, மிகச் சிறு அளவிலேயே கடற்புல்லின் ஒளிச்சேர்க்கையைக் குறைக்கிறது என்பதும் அங்கே நிறுவப்பட்டது. புல்லைக் கொல்வதற்கென்றே செய்த மருந்து, கடலில் இறங்கினாலும் புல்லைத்தானே தேடும். பாக் விரிகுடாக் கடற்புல்லில் துத்தநாகமும் செம்பும் காரீயமும் எவ்வளவு என்று தமிழகப் பல்கலைக்கழகத்தவர் அளந்து எழுதியிருக்கிறார்கள். புல்லில் அளந்ததை மேயும் விலங்கின் உடம்போடு பொருத்திப் பார்ப்பதுதான் அடுத்த படி.

நமக்கு இதில் ஒரு பழைய பெருமையும் உண்டு. மண்டபம் ஊரிலிருந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் 1959இல் ஒரு சோடி கடற்பசுக்களை வளர்க்கத் தொடங்கி, எஸ். ஜோன்ஸ் போன்றவர்கள் அவற்றின் உணவையும் பழக்கத்தையும் எழுதிவைத்தார்கள். உலகில் வெகுசிலரே செய்திருந்த வேலை அது. 2016 முதல் டேராடூனிலுள்ள இந்திய வனஉயிரின நிறுவனம் கடற்பசு மீட்புத் திட்டத்தை நடத்துகிறது. மீனவர் பிள்ளைகளுக்கு உதவித்தொகை, வலையில் சிக்கியதை உயிரோடு விட்டவருக்கு வெகுமதி என்று அது கரையோர ஊர்களில் வேரூன்றியிருக்கிறது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மீனவர்கள் வலையை அறுத்து ஆவுளியாவை விடுவித்த செய்திகளை நாளிதழ்களில் பார்க்கிறோம். பல ஆயிரம் ரூபாய் வலை அது. ஒரு காலத்தில் கறிக்காகப் பிடிக்கப்பட்ட விலங்கு என்பதை நினைத்தால் இந்த மாற்றம் சாதாரணமானதல்ல.

அங்கேதான் ஓர் ஓட்டையும் இருக்கிறது. ஆவுளியா மூச்சுவிடச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்தாக வேண்டும். செவுள் வலையில் மாட்டினால் மூழ்கிச் சாகும். உடலில் வலைத் தழும்பு தெரிந்தால் கேள்வி முடிந்துவிடுகிறது. பட்டினிக்குத் தழும்பு இல்லை. கொழுப்புப் படலம் எத்தனை சென்டிமீட்டர், இரைப்பையில் புல் இருந்ததா வெறும் மண்ணா, எந்தப் புல், குடலில் பிளாஸ்டிக் உண்டா என்று பார்த்தால்தான் தெரியும். தாய்லாந்தில் 2019இல் தாயை இழந்து மக்கள் கொஞ்சி வளர்த்த மரியம் என்ற கடற்பசுக் கன்று செத்தபோது, குடலில் பிளாஸ்டிக் துண்டுகள் அடைத்திருந்தது அறுத்துப் பார்த்ததால் தெரிந்தது. பழைய மேய்ச்சல் இடம் கலங்கி, விலங்கு புல் தேடிப் புதிய இடத்துக்குப் போய் அங்கே வலையில் மாட்டினால், அந்தச் சாவை எந்தக் கணக்கில் எழுதுவது? கலிஃபோர்னியாக்காரர்கள் முதன்மைக் காரணம், துணைக் காரணம் என்று இரண்டு கட்டம் வைத்தது இதற்காகத்தான்.

உயிரோடு இருப்பதையும் சோதிக்கலாம். பிரிஸ்பேன் நகரை ஒட்டிய மோர்டன் விரிகுடாவில் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தின் ஜேனட் லேன்யன் குழுவினர் கடற்பசுக்களைப் படகில் தூக்கி ரத்தம், சிறுநீர் எடுத்து, எடை பார்த்து விட்டுவிடுகிறார்கள். 240ஐ வைத்துக்கொண்டு நாம் அந்தத் துணிச்சலுக்குப் போக வேண்டியதில்லை. ட்ரோன் படத்திலிருந்து முதுகின் அகலத்தை நீளத்தோடு ஒப்பிட்டாலே மெலிந்ததா கொழுத்ததா என்று சொல்லலாம். மிதக்கும் சாணத்தில் மேய்ந்த புல்லின் வகையும் இனப்பெருக்க நிலையும் தெரியும்.

மூன்று முதல் ஏழு ஆண்டுக்கு ஒரு கன்று ஈனும் விலங்கு இது. வயிறு நிறையாத தாய் அந்த இடைவெளியை இன்னும் நீட்டிவிடும். ஒரு சாவும் இல்லாமலேயே ஓர் இனம் தேயலாம் என்பதுதான் இதன் பொருள்.

விரிகுடாவின் மறுகரை இலங்கைக்கு உரியது. அங்கே 2017இல் இழுவை மடியைச் சட்டத்தால் தடுத்தார்கள். மன்னார் மாவட்டத்தில் 2016இல் காப்பகமான விடத்தல்தீவின் ஒரு பகுதியை இறால் வளர்ப்புக்காக விடுவிக்க 2024இல் அரசு முயன்றபோது அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. இரு கரையிலும் வழக்கு ஒன்றே, பிரதிவாதியும் ஒன்றே.

புல்லை நட்டுவிடலாமே என்பார்கள். மூங்கில் சட்டத்தில் தென்னங்கயிறு கட்டி, அதில் புல்லைப் பிணைத்துக் கடலடியில் பதிக்கும் வேலையைத் தஞ்சைக் கரையில் ஓம்கார் அமைப்பு செய்துகாட்டியிருக்கிறது. பாராட்ட வேண்டிய வேலை. ஒளி இல்லாத இடத்தில் நட்டால் பிடிக்காது என்பதையும் அந்த வேலை செய்பவர்களே முதலில் சொல்வார்கள். அமெரிக்காவின் டாம்பா விரிகுடாவில் புல் திரும்பி வந்தது நட்டதால் அல்ல. சட்டம் போட்டுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பைக் கடுமையாக்கி, கடலுக்குப் போகும் நைட்ரஜனைக் குறைத்தார்கள். 2014இல் 38,000 ஏக்கர் இலக்கைத் தாண்டியது. பின்னர் மீண்டும் குறையத் தொடங்கியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒருமுறை சுத்தம் செய்துவிட்டு வீட்டுக்குப் போகிற வேலையாக இது இல்லை.

அதிகம் செலவில்லாமல் இந்த மாவட்டத்திலேயே தொடங்கக்கூடியவை மூன்று. வெள்ளாற்று முகத்திலும் மணமேல்குடி, அம்மாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் எதிரிலும் புல்தரைக்கு எட்டும் ஒளியை ஆண்டு முழுதும் அளக்க வேண்டும்; ஐப்பசி, கார்த்திகையில் வாரந்தோறும். கரை ஒதுங்கும் ஒவ்வொரு ஆவுளியாவையும் புதைக்கும் முன் ஒரே படிவத்தில் உடற்கூறாய்வு செய்து, இரைப்பை உள்ளடக்கம், ஈரல், சிறுநீரகம், கொழுப்பு ஆகியவற்றை உறைய வைத்து, வயதைச் சொல்லும் தந்தத்தையும் எடுத்துவைக்க வேண்டும். தகவல் சொன்ன மீனவருக்கு, உயிரோடு விட்டவருக்குத் தருவதைப் போலவே வெகுமதி தர வேண்டும், இல்லையென்றால் வழக்குக்குப் பயந்து உடலைக் கடலிலேயே விட்டுவிடுவார். இறால் பண்ணைப் பதிவை மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு பரிசீலிக்கும்போது, கடைசி அறுவடையின் நீர் எந்த வாய்க்காலில், எந்தத் தேதியில் விடப்பட்டது என்ற ஒரு கேள்வியை அந்த விண்ணப்பத்தில் சேர்க்க வேண்டும்.